டிராயரில் தூங்கும் ராஜினாமா

வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர்: அரசு அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், கிருஷ்ணகிரி

கேள்வி: எனக்கு 31 வயது. குரூப் 4 எழுதி 2019-ல் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். தருமபுரி மாவட்டத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை. கணவர் பெங்களூருவில், மகன் என் அம்மாவிடம் பாலக்கோட்டில். மூன்று பேர் மூன்று இடத்தில் இருந்தது போதும் என்று நான்கு மாதத்துக்கு முன் ராஜினாமா கொடுத்தேன். "ரெண்டு சீட் வேலை பாக்கற ஆளும்மா நீ. உன்னை விட்டா யாரு இருக்கா? ஏத்துக்க முடியாது" என்று சொல்லி அதிகாரி கடிதத்தை டிராயரில் வைத்துவிட்டார். எப்போது கேட்டாலும் இதே பதில். "பேசாம வராம நின்னுடு, தானா போயிடும்" என்கிறார்கள் கூட வேலை பார்ப்பவர்கள். நிற்கலாமா? கடிதத்தின் நகலை இணைத்திருக்கிறேன்.
- பெயர் வேண்டாம், பாலக்கோடு

பதில்: நிற்காதீர்கள் அம்மா. நாளைக்கும் வழக்கம்போலப் போய் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

உங்கள் கடித நகலை இரண்டு முறை படித்தேன். கையெழுத்து அழகாக இருக்கிறது, கடிதம்தான் சரியில்லை. பெறுநர் இடத்தில் உங்கள் அலுவலகத் தலைவரின் பதவி இருக்கிறது. உங்களை வேலைக்கு எடுத்தவர் அவரா? வீட்டில் இருக்கும் பணி நியமன ஆணையை எடுத்துக் கடைசிப் பக்கத்தில் யார் கையெழுத்து இருக்கிறது என்று பாருங்கள். அந்தப் பதவியில் இன்றைக்கு இருப்பவர்தான் உங்கள் நியமன அலுவலர். ராஜினாமாவை ஏற்கவோ மறுக்கவோ அதிகாரம் அவருக்கு. நியமன ஆணையில் உங்கள் அலுவலகத் தலைவர் கையெழுத்து இல்லையென்றால், "ஏத்துக்க முடியாது" என்று சொல்லவே அவருக்கு அதிகாரம் கிடையாது. நான்கு மாதமாக உங்கள் ராஜினாமாவை யாரும் மறுக்கவில்லை. அது போய்ச் சேரவேண்டிய மேசைக்கு இன்னும் போகவே இல்லை.

அடுத்து, நடுவில் ஒன்றரைப் பக்கத்துக்குப் பிரிவுத் தலைவர் மேல் குறை எழுதியிருக்கிறீர்கள். அதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் குறையும் ராஜினாமாவும் ஒரே தாளில் இருந்தால், கோப்பைப் பார்க்கிறவர் "விளக்கம் கேட்கவும்" என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார். முப்பது வருடம் குறிப்பு எழுதிய கை இது. எனக்கே அப்படி ஒரு கடிதம் வந்திருந்தால் அப்படித்தான் எழுதியிருப்பேன். கடைசி வரி அதைவிட மோசம்: "ஏற்கவில்லை என்றால் மருத்துவ விடுப்பில் செல்ல நேரிடும்." நாளைக்கு உங்களுக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்து மருத்துவச் சான்று கொடுத்தாலும் இந்த வரியைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். எந்தத் தேதியிலிருந்து விலகுகிறீர்கள் என்பது மட்டும் கடிதத்தில் எங்கேயும் இல்லை.

புதிதாக எழுதுங்கள். பெறுநர், நியமன அலுவலர். விஷயம் நாலு வரி போதும்: "இந்தப் பதவியில் இந்தத் தேதியிலிருந்து பணியாற்றி வருகிறேன். சொந்தக் காரணங்களால், இந்தத் தேதி பிற்பகல் முதல் பணியிலிருந்து விலக விரும்புகிறேன். இக்கடிதத்தை மூன்று மாத முன்னறிவிப்பாக ஏற்று, என்னை விடுவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். என் மீது ஒழுங்கு நடவடிக்கை எதுவும் நிலுவையில் இல்லை." விலகும் தேதி, கடிதம் போய்ச் சேரும் நாளிலிருந்து மூன்று மாதம் தாண்டி இருக்கட்டும். கடிதம் நேராக நியமன அலுவலருக்கு, நகல் உங்கள் உடனடி மேலதிகாரிக்கு. தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். அஞ்சலகத்துக்கு நடந்து போய், ஒப்புகை அட்டை வைத்து அனுப்பிவிடுங்கள். ஒப்புகை திரும்பி வந்ததும் அதைக் கடித நகலோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள்.

சரி, நிற்காதீர்கள் என்று ஏன் சொன்னேன்? அரசுப் பணியில் ராஜினாமா என்பது கொடுத்தவுடன் முடிந்துபோகிற காரியம் இல்லை. நியமன அலுவலர் ஏற்றுக்கொண்டால்தான் முடியும். அதுவரை நீங்கள் அரசு ஊழியர், வராத நாள் எல்லாம் அனுமதி பெறாத விடுப்பு. என்னோடு வேலை பார்த்த ஒருவர் உங்கள் நண்பர்கள் சொல்வதைத்தான் செய்தார். கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு அன்று மாலையே பெங்களூரு பஸ் ஏறிவிட்டார். சில மாதத்தில், பெரிய தண்டனை வரைக்கும் போகக்கூடிய 17 பி குற்றக் குறிப்பாணை கிளம்பியது. ஊரில் ஆள் இல்லை என்று வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டு வந்தார்கள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போன அவருடைய அப்பாதான் முதலில் பார்த்தாராம். படிக்கத் தெரியாது, பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லியிருக்கிறார். "என் பையன் என்ன திருடினான்?" என்று கேட்டுக்கொண்டு அந்தப் பெரியவர் அலுவலகத்துக்கு வந்து நின்றது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. கடைசியில் அது பணி நீக்கத்தில் முடிந்தது. ராஜினாமா செய்து கௌரவமாகப் போயிருக்க வேண்டிய மனிதர்.

டிராயர் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பற்றி என் பக்கமும் ஒரு கதை உண்டு. கிருஷ்ணகிரி இன்னும் தனி மாவட்டம் ஆகாத காலம், 2004-க்கு முன்பு. நான் பணியமைப்புப் பிரிவில் இருந்தேன். ஒரு தட்டச்சர், வளைகுடாவுக்குப் போவதாகச் சொல்லி ராஜினாமா கொடுத்தார். மேலே அனுப்ப வேண்டியது என் வேலை. "சின்னப் பையன், மனசு மாறுவான், ரெண்டு மாசம் வைங்க" என்றார் அதிகாரி. நானும் மை ஒற்றும் தாளுக்கு அடியில் வைத்துவிட்டேன். செய்யக் கூடாத வேலைதான். ஏழாவது வாரம் அந்தப் பையன் முகம் வெளுத்துப் போய் வந்து, "சார், அந்தக் கடுதாசி போயிடுச்சா?" என்றான். ஏஜென்ட் பணத்தோடு ஓடிவிட்டானாம். அங்கேயே உட்கார்ந்து, ராஜினாமாவைத் திரும்பப் பெறுவதாக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தான். வேலை தப்பியது. அவன் பின்னாளில் கண்காணிப்பாளராகவே ஓய்வு பெற்றான்.

ஆனால் இப்படி நல்லபடியாக முடியும் என்று நம்பி யாரும் கடிதம் கொடுக்கக் கூடாது. ராஜஸ்தானில் இருந்த ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரி 1964 ஆகஸ்டில் ராஜினாமா கொடுத்தார். மத்திய அரசு அக்டோபர் 31-ல் ஏற்க முடிவு செய்தது. அந்தத் தகவல் அவர் கைக்கு வரும் முன்பே, நவம்பர் கடைசியில், திரும்பப் பெறுகிறேன் என்று எழுதினார். ராஜ்குமார் வழக்கு என்று சொல்லும் அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1968-ல் சொன்னது: ஏற்றாயிற்று, இனி திரும்பப் பெற முடியாது. ஏற்பதற்கு முன்வரைதான் மனம் மாற இடம் உண்டு. அதனால் புதுக் கடிதம் கொடுக்கும் முன், கணவரோடு உட்கார்ந்து இன்னொரு முறை பேசிவிடுங்கள். பெங்களூரு வாடகையையும் பள்ளிக் கட்டணத்தையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். ராஜினாமா செய்தால் பழைய பணிக்காலம் முழுக்கக் கணக்கிலிருந்து போய்விடும். உங்கள் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்து வந்த பங்களிப்புத் தொகையைப் பெறத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கொஞ்ச காலம் பிள்ளையோடு இருந்தால் போதும் என்பதுதான் பிரச்சினை என்றால், சம்பளமில்லா விடுப்பு கேட்டுப் பார்ப்பதில் ஒன்றும் குறையப் போவதில்லை.

ஏற்க மறுக்க நியாயமான காரணங்களும் உண்டு. ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் இருப்பது, அரசுக்குக் கட்டவேண்டிய பணம் பாக்கி இருப்பது, இத்தனை வருடம் பணியாற்றுவேன் என்று பத்திரம் எழுதிக் கொடுத்திருப்பது, இப்படி. வீடு கட்டும் முன்பணம், பண்டிகை முன்பணம் ஏதாவது மிச்சம் இருந்தால் முதலில் கட்டி முடியுங்கள். ஆள் பற்றாக்குறை என்பதைச் சொல்லிக் கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம், காலம் முழுக்கப் பிடித்து வைக்க முடியாது. மத்திய அரசு தன் ஊழியர்களுக்காக 1988-ல் அனுப்பிய சுற்றறிக்கையிலேயே, விருப்பமில்லாதவரைப் பணியில் வைத்திருப்பது அரசின் நலனுக்கு உகந்ததல்ல என்று இருக்கிறது. விமான நிறுவன ஊழியர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-ல், விலகுவது ஊழியரின் உரிமை, விதியோ நிலுவையில் உள்ள ஒழுங்கு நடவடிக்கையோ குறுக்கே நிற்காதவரை யாரையும் கட்டாயப்படுத்தி வேலை வாங்க முடியாது என்றது.

மூன்று மாதம் ஆகியும் பதில் இல்லையா? ஒரு நினைவூட்டுக் கடிதம். அதற்கும் பதில் இல்லையென்றால், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு: என் கடிதம் எந்த நாளில் பெறப்பட்டது, இப்போது யாரிடம் உள்ளது, குறிப்புக் கோப்பின் நகல் தருக. முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும். இந்த மனு வந்தாலே பல டிராயர்கள் திறந்துவிடும், நான் பார்த்திருக்கிறேன். அதுவும் பலிக்கவில்லை என்றால் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட். தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் மதுரைக்குப் போக வேண்டியதில்லை, நமக்குச் சென்னைதான். "இத்தனை வாரத்துக்குள் பரிசீலித்து உத்தரவு போடு" என்று நீதிமன்றம் சொன்னால், உங்கள் பக்கம் சிக்கல் ஏதும் இல்லாதபோது பெரும்பாலும் அதிலேயே காரியம் முடிந்துவிடும்.

ஏற்பு ஆணை வந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. இரண்டு சீட்டின் கோப்புகளையும் பட்டியல் போட்டு, வாங்கிக்கொள்பவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு பொறுப்பை ஒப்படையுங்கள். விடுவிப்பு ஆணையும் நிலுவையின்மைச் சான்றும் கையில் இல்லாமல் பஸ் ஏறாதீர்கள்.

கேள்வி: வயது 51. 2001-ல் சேர்ந்தேன். முதுகுவலி தாங்கவில்லை, ராஜினாமா செய்யலாம் என்றிருக்கிறேன். உடனே விடுவார்களா?
- ஊத்தங்கரை வாசகர்

பதில்: "ராஜினாமா" என்ற சொல்லை உங்கள் பேனா தொடவே கூடாது. விருப்ப ஓய்வு என்று எழுதுங்கள். அடிப்படை விதி 56(3)-ன்படி 50 வயது ஆனவரோ, 20 ஆண்டு தகுதியுள்ள பணிக்காலம் முடித்தவரோ மூன்று மாத முன்னறிவிப்புக் கொடுத்து ஓய்வு பெறலாம். உங்களுக்கு இரண்டுமே இருக்கிறது. 2003 ஏப்ரலுக்கு முன்பே சேர்ந்தவர் என்பதால் பழைய ஓய்வூதியமும் உண்டு. ராஜினாமா என்று எழுதினால் ஓய்வூதிய விதிகள் 23-வது விதி அத்தனை வருடத்தையும் அழித்துவிடும். டெல்லி மின்துறையில் பியூனாக இருந்த ஒருவர் 1990-ல் ராஜினாமா என்று எழுதிக் கொடுத்தார். இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேனே, அதை விருப்ப ஓய்வாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று வழக்காடினார். உயர் நீதிமன்றம் ஒத்துக்கொண்டது. 2019-ல் உச்ச நீதிமன்றம், ராஜினாமா வேறு, விருப்ப ஓய்வு வேறு என்று அதை ரத்து செய்துவிட்டது.

கடிதம் எழுதும் முன் பணிப்பதிவேட்டை வாங்கிப் பாருங்கள். பணி சரிபார்ப்புப் பதிவு எந்த வருடமாவது விட்டுப்போயிருந்தால் அதை முதலில் போடச் சொல்லுங்கள். முதுகுவலியோடு அதற்காக நாலு நடை நடக்க வேண்டியிருக்கும். பிள்ளை யாரையாவது கூட அழைத்துப் போங்கள்.