கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் மாலிக்குலர் பயாலஜி: சேரும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

தென்காசி பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகள் பிளஸ் டூவில் பியூர் சயின்ஸ் குரூப். ஒரு கிறிஸ்தவ நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் இளநிலை மாலிக்குலர் பயாலஜி (டிஎன்ஏ, புரதம் போன்ற மூலக்கூறுகளின் அளவில் உயிரைப் படிக்கும் துறை) சீட் கிடைத்திருக்கிறது. நாங்கள் இந்துக் குடும்பம். ஜெபத்துக்குப் போயே ஆக வேண்டுமா? பரிணாமத்தை ஒழுங்காகச் சொல்லித் தருவார்களா? படித்தால் வேலை உண்டா?"

ஜெப விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அரசு அங்கீகாரமோ அரசு நிதியோ பெற்ற கல்வி நிறுவனத்தில் சம்மதம் இல்லாமல் யாரையும் மதபோதனைக்கோ வழிபாட்டுக்கோ வரச் சொல்ல முடியாது, 18 வயது ஆகாத பிள்ளை என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று அரசியலமைப்பின் 28(3) பிரிவு சொல்கிறது. ஆனால் அந்தச் சம்மதத்தை விடுதி விண்ணப்பத்திலேயே சேர்த்து வைத்திருக்கலாம், அதனால் கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் படித்துவிடுங்கள். பல கிறிஸ்தவக் கல்லூரிகளில் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு வேத வகுப்பும் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பும் என்று பிரித்தே நடத்துகிறார்கள்.

அடுத்து பரிணாமம். பெயரில் கிறிஸ்தவம் இருப்பதை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். மரபியலுக்கு அடித்தளம் போட்ட மெண்டல் ஒரு கிறிஸ்தவத் துறவி. மனித மரபணுத் திட்டத்தை வழிநடத்திய ஃபிரான்சிஸ் காலின்ஸ் பரிணாமத்தை ஏற்கும் பக்தியுள்ள கிறிஸ்தவர். அமெரிக்காவில் பாப்டிஸ்ட் பின்னணி கொண்ட பேய்லர் பல்கலைக்கழகத்தின் உயிரியல் துறை, பரிணாமம் நவீன உயிரியலின் அடிப்படைக் கொள்கை என்று வெளிப்படையாகவே அறிவித்திருக்கிறது. நீங்கள் சிலபஸை வாங்கி, பரிணாமத்துக்குத் தனித் தாளோ அலகோ இருக்கிறதா என்று பாருங்கள். இது தேர்வுக்கு மட்டும் வேண்டிய பாடமில்லை. மண்ணிலிருந்து எடுத்த ஒரு பாக்டீரியாவின் மரபணு வரிசையை, மற்ற உயிர்களின் வரிசைகளோடு ஒப்பிட்டுக் காட்டும் பிளாஸ்ட் என்ற கணினித் தேடலில் போட்டால் ஒத்த வரிசைகள் பட்டியலாக வந்து நிற்கும், அவை ஏன் ஒத்திருக்கின்றன என்பதற்குப் பொது மூதாதை என்ற விளக்கம் தெரியாத பிள்ளைக்கு அந்தப் பட்டியல் வெறும் எண்கள்தான். கல்லூரி ஆசிரியர் பணிக்கான தகுதித் தேர்வான நெட்டின் லைஃப் சயின்சஸ் பாடத்திட்டத்திலும் பரிணாமத்துக்கு இடம் உண்டு.

நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன்: ஆய்வகத்தில் உங்கள் மகள் கையால் என்ன செய்வாள்? டிஎன்ஏ துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்க ஜெல்லில் ஓடவிடும் பிராக்டிகலையே எடுத்துக்கொள்ளுங்கள். நீலச் சாயம் கலந்த சாம்பிளை மைக்ரோபிப்பெட்டால் (மிகச் சிறிய அளவுத் திரவத்தை உறிஞ்சி இறக்கும் கைக்கருவி) ஜெல்லில் உள்ள ஒரு சின்னக் குழிக்குள் இறக்க வேண்டும். நுனி ஆழமாய்ப் போனால் ஜெல் கிழியும், நுனியை வெளியே எடுக்கும் முன்பே அழுத்தியிருக்கும் கட்டைவிரலை விட்டால் இறங்கிய சாம்பிள் திரும்பப் பிப்பெட்டுக்குள் ஏறிவிடும். பத்துப் பேர் சுற்றி நிற்க ஆசிரியர் செய்து காட்டினால் இது வராது, அவளே திரும்பத் திரும்பச் செய்தால்தான் கைக்கு வரும். அதனால் போய்ப் பார்க்கிற அன்று, கட்டடத்தைப் பார்த்து மயங்காமல், டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கும் பிசிஆர் கருவியின் லாக் புக்கைக் (யார், எப்போது பயன்படுத்தினார்கள் என்று எழுதும் பதிவேடு) காட்டச் சொல்லுங்கள். அதில் இளநிலை மாணவர்கள் பெயர் வருகிறதா, கடைசியாக எப்போது ஓடியது என்று தேதியோடு தெரிந்துவிடும். அப்படியே மூன்றாமாண்டு மாணவர் ஒருவரிடம் தனியாகப் பேசி, ஒரு பிராக்டிகலுக்கு எத்தனை பேருக்கு ஒரு பிப்பெட் என்றும் கேளுங்கள்.

வேலையைப் பற்றி உள்ளதைச் சொல்கிறேன்: இளநிலைப் பட்டம் மட்டும் வைத்துக்கொண்டு இந்தத் துறையில் நல்ல வேலை கிடைப்பது கஷ்டம். மருத்துவப் பரிசோதனைக் கூடங்கள் பெரும்பாலும் டிஎம்எல்டி, எம்எல்டி என்ற மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பப் படிப்புகள் படித்தவர்களைத்தான் தேடுகின்றன. குடும்பச் சூழ்நிலையில் சீக்கிரமே சம்பளம் வந்தாக வேண்டும் என்றால் எம்எல்டியே மேல். இல்லை, எம்எஸ்சி வரை படிக்க வைக்க முடியும் என்றால் ஐஐடி ஜாம், கேட்-பி, க்யூட் பிஜி என்ற எம்எஸ்சி நுழைவுத் தேர்வுகளுக்கு இரண்டாம் ஆண்டிலேயே தயாராகத் தொடங்கட்டும். ஜாம் பயோடெக்னாலஜி தாளில் பிளஸ் டூ அளவுக் கணிதமும் வரும். பியூர் சயின்ஸில் கணிதம் படித்திருக்க மாட்டாள் என்பதால் இந்த விடுமுறையிலேயே பதினொன்றாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தைக் கையில் கொடுங்கள்.

அப்புறம், கட்டணம் கட்டும் முன் துறைத் தலைவரிடம் ஒரு கேள்வி: போன வருடம் முடித்தவர்கள் எம்எஸ்சிக்கு எங்கெங்கே போனார்கள்? ஊர், கல்லூரி என்று ஒவ்வொருவராகச் சொன்னால் நம்பிச் சேருங்கள். "எல்லாரும் நல்ல இடத்தில் இருக்கிறார்கள்" என்பதோடு நிறுத்தினால் இன்னொரு கல்லூரியையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.