தட்டு சுற்றுகிறது, பாட்டு எங்கிருந்து வருகிறது?

வாசகர் கேள்வி – பதில்

கிளப்புகளில் இசை நிகழ்த்தும் டி.ஜே.க்கள் இசைத்தட்டை விட்டுக் கணினிக் கோப்புகளுக்கு மாறியதைப் பற்றி வந்த கடிதங்களில் ஐந்துக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: பெங்களூருவில் நண்பர்களுடன் ஒரு கிளப்புக்குச் சென்றிருந்தேன். டி.ஜே. இரண்டு இசைத்தட்டுகளைக் கையால் முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருந்தார். ஆனால் பாட்டெல்லாம் அருகிலிருந்த லேப்டாப்பிலிருந்துதான் வருகிறது என்கிறார் நண்பர். அப்படியானால் தட்டு வெறும் பாவனையா?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: நண்பர் சொன்னதும் சரி, நீங்கள் கண்ணால் கண்டதும் சரி. அந்தத் தட்டில் பாட்டுக்குப் பதிலாகச் சீரான கீச்சொலி ஒன்று பதிவாகியிருக்கும். அதை நேரே ஒலிபெருக்கியில் விட்டால் கூட்டம் காதைப் பொத்திக்கொள்ளும். செராட்டோ நிறுவனத்தின் தட்டில் அந்த ஒலி நொடிக்கு 1,000 அதிர்வுகள் கொண்டது. தட்டு சற்று மெதுவானால் அது 950 ஆகக் குறையும், விரைந்தால் கூடும். ஆகவே ஊசி எடுத்துத் தரும் ஒலியின் சுருதியைக் கொண்டே தட்டின் வேகத்தை மென்பொருள் கணக்கிட்டுவிடுகிறது. இடது, வலது ஆகிய இரு தடங்களிலும் அதே ஒலி நூலிழை இடைவெளியுடன் பதிவாகியிருப்பதால், எது முந்துகிறது என்பதைப் பார்த்துத் தட்டு முன்னோக்கிச் சுற்றுகிறதா, கை அதைப் பின்னுக்கு இழுக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். ஊசி தட்டின் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைச் சொல்லும் குறியீடும் அந்த ஒலிக்குள்ளேயே பொதிந்திருக்கிறது. விரல் தட்டை நிறுத்தினால் லேப்டாப்பில் உள்ள பாட்டும் அந்தக் கணமே நிற்கும், இழுத்தால் பின்வாங்கும்.

ஆம்ஸ்டர்டாமில் இருந்த என்டூஐடி என்ற சிறு நிறுவனம் 1990களின் இறுதியில் உருவாக்கிய ‘ஃபைனல் ஸ்கிராட்ச்’ இந்த முறையைப் பரவலாக அறிமுகப்படுத்தியது. கனடாவிலிருந்து இயங்கிய டெக்னோ (மின்னணு நடன இசை) கலைஞர்களான ரிச்சி ஹாட்டினும் ஜான் அக்குவாவிவாவும் தொடக்கத்திலேயே அதை மேடைக்குக் கொண்டு சென்றார்கள். 2004இல் நியூசிலாந்தின் செராட்டோ, அமெரிக்காவின் ரேன் நிறுவனத்துடன் சேர்ந்து தன் கருவியை வெளியிட்ட பிறகு, ‘ஸ்கிராட்ச்’ செய்பவர்களிலும், அதாவது தட்டைக் கையால் முன்னும் பின்னும் உரசி ஒலியெழுப்புபவர்களிலும், பெரும்பாலோர் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் வந்தார்கள்.

தட்டை விட்டொழித்துவிட்டு வெறும் பொத்தான்களை வைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். கை பழகிய பழக்கம்தான் அதற்குக் குறுக்கே நின்றது. ஜப்பானின் டெக்னிக்ஸ் நிறுவனம் 1972இல் வெளியிட்ட எஸ்.எல்.-1200 சுழற்கருவியில் பெல்ட் கிடையாது. மோட்டாரின் அச்சே தட்டைச் சுற்றுவதால், விரலை எடுத்த மறுகணமே தட்டு பழைய வேகத்தைப் பிடித்துவிடும். 1979இல் வந்த இரண்டாம் மாதிரியில், வேகத்தை 8 சதவீதம் வரை கூட்டவும் குறைக்கவும் ஒரு நழுவுபிடி வைத்தார்கள். நியூயார்க்கின் பிராங்க்ஸ் தெருக்களில் தொடங்கி ஒரு தலைமுறைக் கலைஞர்களின் விரல்கள் அந்தக் கருவியில் தேர்ந்தவை. தவிலோ மிருதங்கமோ வாசிப்பவரிடம் போய், ஒலி அதேதான், ஆனால் இனிமேல் பொத்தானை அழுத்துங்கள் என்று சொல்லிப் பாருங்கள்! ஆகவே பாட்டைச் சுமக்கும் வேலையைத் தட்டிடமிருந்து எடுத்துக்கொண்டு, பாட்டை ஓட்டும் வேலையை மட்டும் அதற்கு விட்டுவைத்தார்கள்.

கேள்வி: இசைத்தட்டின் ஒலிக்கு எதுவும் ஈடாகாது என்று என் மாமா அடித்துச் சொல்கிறார். கிளப்பிலும் அப்படித்தானா?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: வீட்டில் நல்ல கருவியை வைத்துக்கொண்டு கேட்கும்போது அது அவரவர் ரசனை, மாமாவோடு நான் வாதிட மாட்டேன். கிளப்பின் நிலைமை வேறு. ஊசி என்பது அதிர்வை மின்சாரமாக மாற்றும் பொருள். அந்த அதிர்வு தட்டின் பள்ளத்திலிருந்து வருகிறதா, மேசையிலிருந்து வருகிறதா என்பதை அது பார்ப்பதில்லை. ஆளுயர ஒலிபெருக்கிகளின் அடித்தொனி மேசையைக் குலுக்க, அந்தக் குலுக்கல் ஊசிக்குள் புகுந்து மறுபடி ஒலிபெருக்கிக்கே போய்ச் சேர்ந்தால் கூடமெங்கும் ஓர் உறுமல் எழும். அதனால்தான் சுழற்கருவிக்கு அடியில் கான்கிரீட் பலகையும் ரப்பரும் வைக்கிறார்கள். ஒருவர் துள்ளிக் குதித்தாலே ஊசி தாவிவிடும் என்பது தனி.

தட்டின் வடிவத்திலும் ஒரு குறை உண்டு. நிமிடத்துக்கு முப்பத்துமூன்றே கால் தடவைக்குச் சற்றுக் கூடுதலாகச் சுற்றும் 12 அங்குலத் தட்டின் வெளிவிளிம்பில் ஊசி நொடிக்கு ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் பயணம் செய்கிறது. உள்பக்கம் போனால் அந்தத் தூரம் பாதிக்கும் கீழே குறைந்துவிடும். அங்கே நுண்ணிய உச்ச ஒலிகளுக்கு இடம் போதாமல் அவை மங்குகின்றன. ஒரு பக்கத்துக்கு ஒரே பாட்டு என்று தாராளமாகப் பள்ளம் வெட்டிய 12 அங்குல ஒற்றைத் தட்டுகள் 1970களின் நடுவில் நியூயார்க்கின் டிஸ்கோக்களுக்காக வந்ததற்கு இந்த இடநெருக்கடியும் காரணம்.

கோப்பின் தரம் அதன் அடர்த்தியைப் பொறுத்தது. நொடிக்கு 128 கிலோபிட் கொண்ட எம்பி3இல் பொதுவாக 16,000 அதிர்வுகளுக்கு மேலுள்ள ஒலி வெட்டப்பட்டுவிடும்; பெரிய கருவிகளில் அந்த ஏழ்மை பல்லை இளிக்கும். 320 கிலோபிட் கோப்புக்கும் சுருக்கப்படாத குறுந்தகட்டுத் தரத்துக்கும் உள்ள வேறுபாட்டை, ஆட்டமும் கூச்சலுமாக இருக்கும் கூடத்தில் கண்டுபிடிப்பவர் அபூர்வம் என்பது என் கருத்து.

கேள்வி: அப்படியானால் டி.ஜே.க்கள் மாறியதற்கு உண்மையான காரணம் ஒலித்தரமா, செலவா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: முதுகுவலி என்று சொன்னால் கோபிக்காதீர்கள். ஒரு 12 அங்குலத் தட்டு 140 முதல் 180 கிராம் வரை எடையுள்ளது. உறையோடு சேர்த்து 80 தட்டுகளைப் பெட்டியில் அடுக்கினால் ஓர் அரிசி மூட்டையைத் தூக்குவது போலிருக்கும். வாரம் இரண்டு நகரம் பறக்கும் கலைஞர் அத்தகைய பெட்டிகளை விமானத்தில் ஏற்ற வேண்டும்; பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால் அன்றைய இரவு போயிற்று. ஆறு நிமிடப் பாட்டு ஒன்று 320 கிலோபிட் தரத்தில் 14 மெகாபைட் சொச்சம் பிடிக்கும். சட்டைப் பையில் கிடக்கும் 64 ஜிகாபைட் பெண்டிரைவில் அப்படி நாலாயிரத்துக்கு மேல் அடங்கும். 2004இல் பீட்போர்ட் போன்ற இணையக் கடை திறந்த பிறகு, தட்டு அச்சாகிக் கப்பலேறி வரும் வரை காத்திருக்கவும் தேவையில்லாமல் போயிற்று. முன்பெல்லாம் புதுப்பாட்டை உடனே ஒலிக்க விரும்பியவர்கள், ஜமைக்காவிலும் லண்டனிலும் செய்தது போல, மென்மையான அசிடேட் தட்டில் ஒற்றைப் பிரதி வெட்டிக்கொண்டார்கள். சில பத்து முறை ஓடினாலே அது தேயத் தொடங்கிவிடும்.

பிறகு லேப்டாப்பும் சுமையாயிற்று. பயனியர் நிறுவனத்தின் சி.டி.ஜே.-1000 என்ற டி.ஜே. கருவி, குறுந்தகட்டை இசைத்தட்டைப் போல விரலால் திருகும் வசதியை 2001இல் தந்தது. 2009இல் வந்த சி.டி.ஜே.-2000 பெண்டிரைவைச் செருகினாலே பாடியது. மறு ஆண்டே டெக்னிக்ஸ் தன் சுழற்கருவியின் உற்பத்தியை நிறுத்தியது. 2016இல் அதை மீண்டும் கொண்டுவந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், மாமாக்கள் மகிழட்டும்.

கேள்வி: ‘சிங்க்’ என்ற பொத்தானை அழுத்தினால் கணினியே இரண்டு பாடல்களின் தாளத்தைப் பொருத்திவிடுகிறதாமே! பிறகு டி.ஜே.க்கு என்ன வேலை?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: நிமிடத்துக்கு 124 அடி விழும் பாட்டை 128 அடிப் பாட்டோடு சேர்க்க, முதலாவதன் வேகத்தை 3.2 சதவீதம் கூட்ட வேண்டும். ஒரு காதில் ஹெட்போனை வைத்து அதை விரலால் நுட்பமாகச் சரிசெய்யும் திறனைத்தான் முன்பு பல மாதங்கள் பழகினார்கள். இன்று அந்த வேலை பொத்தானுடையது. இதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் பொத்தானை நம்பியே வளர்ந்தவர், உயிருள்ள மனிதர்கள் மேளம் அடித்துப் பதிவு செய்த பழைய டிஸ்கோ பாட்டையோ, முழு வாத்தியக் குழுவோடு ஒரே மூச்சில் பதிவான நம் பழைய திரைப்பாடலையோ எடுத்தால் திணறுவார். அவற்றில் தாளம் சரணத்தில் சற்று இழுபடும், பல்லவிக்குத் திரும்பும்போது விரையும். மென்பொருள் போடும் ஒரே அளவிலான கட்டத்துக்குள் அது உட்காராது.

நான் இழப்பாகக் கருதுவது வேறொன்று. 80 தட்டுகளுக்குத்தான் இடம் என்றபோது, எதை எடுத்துச் செல்வது என்று வீட்டிலேயே பாதி நாள் யோசித்தார்கள். அதனால் பெட்டியில் இருந்த ஒவ்வொரு தட்டையும் உள்ளங்கை ரேகையைப் போல அறிந்திருந்தார்கள். நாலாயிரம் கோப்புகளை வைத்துக்கொண்டு திரையை உருட்டிக்கொண்டே நிற்பவர், எதிரே ஆடும் கூட்டத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் டி.ஜே. ஆகப் பழகுகிறான். நண்பனிடமிருந்து 2,000 பாடல்களை ஒரே நாளில் நகலெடுத்து வந்துவிட்டான். இது சரியா? வேறு எதைக் கவனிக்க வேண்டும்?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: சரியில்லை அம்மா. கிளப்பில் பொதுவில் பாட்டு ஒலிக்க உரிமம் வாங்குவது பெரும்பாலும் இடத்தை நடத்துபவரின் பொறுப்பு. கோப்பைக் காசு கொடுத்து வாங்குவது உங்கள் மகனின் பொறுப்பு. ஜெர்மனியில் இன்னும் ஒரு படி மேலே போய், பொது நிகழ்ச்சிக்காக டி.ஜே. நகலெடுக்கும் பாடல் ஒவ்வொன்றுக்கும் 13 சென்ட் கட்டணம் என்று உரிமைச் சங்கமான கெமா 2013 ஏப்ரல் முதல் வசூலிக்கத் தொடங்கியது.

சட்டம் ஒருபுறமிருக்க, அந்த 2,000த்தில் எத்தனை உண்மையானவை என்பதும் சந்தேகமே. 128 கிலோபிட் கோப்பை 320 என்று மாற்றிச் சேமித்தால் எண் கூடுமே தவிர, வெட்டப்பட்ட ஒலி திரும்பி வராது. எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்ற அலைமாலையைப் படமாகக் காட்டும் இலவச மென்பொருள்கள் உண்டு. அதில் 16,000க்கு மேல் கத்தரித்தது போல இருட்டாக இருந்தால் அந்தக் கோப்பை விட்டுவிடச் சொல்லுங்கள்.

பெண்டிரைவை எஃப்.ஏ.டி.32 முறையில் வடிவமைக்க வேண்டும்; விண்டோஸ் கணினிகளில் வழக்கமான என்.டி.எஃப்.எஸ். முறையைப் பயனியர் கருவிகள் படிப்பதில்லை. ஒலியை இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் வகைக் கோப்புகளைப் பழைய சி.டி.ஜே.-2000 வாசிக்காது, 2016இல் வந்த மாதிரியில்தான் அந்த வசதி சேர்ந்தது. எந்தக் கிளப்பில் எது இருக்கும் என்று தெரியாதபோது 320 எம்பி3 பாதுகாப்பானது. ஒரே சேகரிப்பை இரண்டு பெண்டிரைவில் வைத்திருக்கட்டும், இரண்டையும் ஒரே பையில் போட வேண்டாம்.