தாமரைத் தண்டில் முள்

கேள்வி: பறவைகள், ஓவியம், வரலாறு என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் படிக்கிறேன். எழுத உட்கார்ந்தால் மட்டும் படித்த புத்தகத்தின் சுருக்கம்தான் வருகிறது. எதிலும் நிபுணர் இல்லாத நான் எழுதலாமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: தாராளமாக எழுதலாம். புத்தகத்தை மூடிய கையோடு எழுத உட்காருகிறீர்கள், அதனால்தான் சுருக்கம் வருகிறது. நடுவில் ஒருமுறை வெளியே போய்வாருங்கள்.

ஒரு பகலில் புதுக்கோட்டைப் பக்கத்துச் சித்தன்னவாசல் போய்த் திரும்பிவிடலாம். குகைக்கோயிலின் விதானத்தில் தாமரைக்குளம் தீட்டியிருக்கிறார்கள். நிறம் மங்கி, அங்கங்கே உதிர்ந்துபோன ஓவியம். அண்ணாந்து பார்த்தால் முதலில் பச்சையும் சிவப்பும்தான் தெரியும். கண் பழகப் பழக மீன்கள் வரும், யானை, எருமை, பறவைகள் வரும். அப்புறம் பூக்கூடையைக் கையில் தொங்கவிட்டபடி தாமரை பறிக்கும் ஒருவர். ஓவியம் மட்டும் படித்தவர் 9ஆம் நூற்றாண்டு, சமணர், கோயிலைப் புதுப்பித்த இளங்கௌதமனின் கல்வெட்டு என்று எழுதுவார். பறவை மட்டும் பார்ப்பவர் அது என்ன பறவை என்று தேடுவார். நீங்கள் இரண்டையும் படிக்கிறவர். பல துறை படித்ததைக் குறையாக நினைக்கிறீர்கள். எனக்கோ அதுதான் உங்கள் பலமாகத் தெரிகிறது.

மா. கிருஷ்ணனைத் தேடிப் படியுங்கள். 1950 முதல் 1996இல் காலமாகும்வரை ஸ்டேட்ஸ்மன் ஆங்கில நாளிதழில் இயற்கை பற்றிப் பத்தி எழுதியவர். படங்களையும் அவரே வரைந்தார், தமிழிலும் எழுதினார். காக்கையையும் அணிலையும்கூட விடவில்லை. வரைகிறவனின் கண் அவர் வாக்கியங்களில் இருக்கிறது.

ஒரு பழக்கம் சொல்கிறேன். புதுப் புத்தகத்தைத் திறக்கும் முன், அந்த விஷயத்தில் நீங்கள் கண்ணால் கண்டதை நோட்டில் அரைப் பக்கம் எழுதுங்கள். படித்து முடித்ததும் அந்த அரைப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். புத்தகம் எந்த வரியைத் திருத்தியது, எதைத் தொடவே இல்லை? கட்டுரை அங்கேதான் தொடங்கும். மேற்கோள் எடுத்தால் பக்க எண்ணையும் உடனே குறித்துவிடுங்கள், பிறகு தேடி அலைய முடியாது.

குளத்தில் இறங்கித் தாமரை பறித்திருக்கிறீர்களா? தண்டு சொரசொரவென்று இருக்கும், பொடி முள் கையைக் கீறும். விதானத்துத் தாமரைக்கு அந்த ஓவியர் முள் வைத்திருக்கிறாரா? போய்ப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.