மின்சார ஆட்டோ நடுவழியில் நிற்கிறது, ஷோரூமும் மூடிவிட்டது: யார் மீது வழக்குப் போடுவது?

கேள்வி: ஒட்டன்சத்திரத்தில் ஆட்டோ ஓட்டுகிறேன் ஐயா. 2024 பிப்ரவரியில் ஒரு மின்சார ஆட்டோவை 3,65,000 ரூபாய்க்கு எடுத்தேன். அதில் 2,80,000 கடன், மாதம் 9,800 வீதம் 36 தவணை. ஒரு சார்ஜில் 120 கிலோமீட்டர் ஓடும், பேட்டரிக்கு மூன்று வருடம் வாரண்டி என்று சொல்லித்தான் விற்றார்கள். அந்த ஜூலையிலேயே மழையில் நடு ரோட்டில் நின்றது. இப்போது 55 கிலோமீட்டர் தாண்டுவதில்லை, பழனிக்குச் சவாரி போனால் திரும்பி வர முடியவில்லை. மூன்று முறை ஜாப் கார்டு போட்டுப் பார்த்துக் கொடுத்தார்கள், தீரவில்லை. 2025 ஆகஸ்டில் ஷோரூமையே மூடிவிட்டார்கள். வண்டி செய்த கம்பெனி வெளி மாநிலம். அந்த மாடலையே நிறுத்திவிட்டார்களாம், போன் எடுப்பதில்லை. தொழிலுக்கு வாங்கிய வண்டிக்கு நுகர்வோர் கோர்ட் போக முடியாது என்கிறார் ஒருவர். தவணையை நிறுத்து, தானாக வழிக்கு வருவார்கள் என்கிறார் இன்னொருவர். நான் என்ன செய்வது?

பதில்: தவணையை நிறுத்தாதீர்கள். கடன் ஒப்பந்தம் உங்களுக்கும் ஃபைனான்ஸ் நிறுவனத்துக்கும் இடையே உள்ளது. வண்டி சரியில்லை என்பது அவர்களிடம் செல்லாது. ஆர்.சி. புத்தகத்தில் அடமானப் பதிவு இருக்கும்வரை தவணை தவறினால் வண்டியை எடுத்துப்போய் ஏலம் விடலாம். கடன் மிச்சம் நிற்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய நஷ்டம், உங்கள் வழக்கின் முதல் சாட்சியே அந்தப் பேட்டரிதான். அது யார்டுக்குப் போய் யாரோ ஏலத்தில் எடுத்துவிட்டால் குறையை எதைக் காட்டி நிரூபிப்பீர்கள்? உண்மையிலேயே கட்ட முடியாத நிலை என்றால், தவணைத் தொகையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தரும்படி இப்போதே எழுத்தில் கேளுங்கள். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பிறகோ அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. மீறினால் முதலில் அந்த நிறுவனத்திடமே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம்.

தொழிலுக்கு வாங்கியது என்பதால் நுகர்வோர் ஆணையம் போக முடியாது என்று சொன்னவர் பாதிதான் சொல்லியிருக்கிறார். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்பது சரி. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்கென்றே ஒருவர் வாங்கித் தானே பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(7)-இன் விளக்கமே சொல்கிறது. 1995-இல் லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குச் சொன்ன உதாரணங்களில் ஒன்று, தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்கியவர். கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. நிறுவனம் செய்து கொடுத்த இயந்திரம் பற்றிய வழக்கு அது. இருந்தாலும் ஒன்று கவனம்: 'சுயதொழில் மூலம் பிழைப்புக்காக மட்டுமே வாங்கினேன், நானே ஓட்டுகிறேன்' என்ற வரி உங்கள் புகார் மனுவிலேயே இருக்க வேண்டும். அந்த ஒரு வரி விடுபட்டதால் அடிபட்ட மனுக்கள் உண்டு. பேட்ஜ், ஓட்டுநர் உரிமம், ஸ்டாண்டு சங்க அட்டை இவற்றின் நகலையும் சேர்த்துவிடுங்கள். வண்டியை வேறு ஆளுக்கு நாள் வாடகைக்கு விட்டிருந்தால் எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது அதைத்தான்.

காலக்கெடு இரண்டு வருடம், பிரிவு 69. முதல் கோளாறு 2024 ஜூலையில் வந்ததால் 2026 ஜூலை வரை நேரம் இருக்கிறது என்று வாதாடலாம், வாரண்டி ஓடும்போது வந்த ஒவ்வொரு கோளாறும் புதுக் காரணம் என்றும் வாதாடலாம். அந்த வாதத்துக்கே இடம் கொடுக்காதீர்கள். எதிர்த்தரப்போ நீங்கள் வண்டி வாங்கிய நாளிலிருந்துதான் எண்ணும். 2026 பிப்ரவரிக்குள் மனு பதிவாகிவிட வேண்டும்.

இனி, யார் மீது? இதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். ஷோரூம் ஷட்டர் இறங்கியதால் பொறுப்பு போய்விடாது. இன்வாய்ஸில் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் 33 என்றால் தமிழ்நாடு. அடுத்த பத்தும் அந்த வியாபாரியின் பான் எண். அந்தப் பத்தில் நான்காவது எழுத்தைப் பாருங்கள். ஆங்கில 'பி' (P) என்றால் தனிநபர், கடைக்காரர் தன் சொந்தச் சொத்துக்கே பதில் சொல்ல வேண்டும். 'எஃப்' என்றால் கூட்டு நிறுவனம், பங்குதாரர் ஒவ்வொருவரையும் சேர்க்கலாம். ஆனால் எல்.எல்.பி. என்ற வரையறுத்த பொறுப்புக் கூட்டு நிறுவன வகைக்கும் இதே எழுத்துதான் வரும், அதில் பங்குதாரர் சொந்தச் சொத்தைத் தொட முடியாது. 'சி' என்றால் கம்பெனி. ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் சட்டப்படியான பெயரும் முகவரியும் வரும். போர்டில் இருந்த பெயர் வேறு, சட்டப்படி இருக்கும் பெயர் வேறு என்பது அடிக்கடி நடப்பது. வண்டி செய்த கம்பெனியின் நிலையை மத்திய கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் பாருங்கள்: இயங்குகிறதா, பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டதா, திவால் நடவடிக்கையில் இருக்கிறதா என்று காட்டும்.

மூன்றாவது ஒருவரும் இருக்கக்கூடும். சீட்டுக்கு அடியில் உள்ள பேட்டரிப் பெட்டியின் மேல் ஸ்டிக்கரைப் பாருங்கள். பல மின்சார ஆட்டோக்களில் பேட்டரியை வண்டிக் கம்பெனி செய்வதில்லை, வேறொருவரிடம் வாங்கிப் பொருத்துகிறது. வண்டிக் கம்பெனி மூடிக்கொண்டாலும் பேட்டரிக் கம்பெனி இன்றும் நன்றாக நடந்துகொண்டிருக்கலாம். தனி வாரண்டி அட்டை கொடுத்திருந்தால் இன்னும் நல்லது. பெயர், வரிசை எண், தயாரித்த மாதம் மூன்றும் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்துவைத்து, அவர்களையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். ஃபைனான்ஸ் நிறுவனத்தைச் சம்பிரதாயத் தரப்பாக, அதாவது அவர்களிடம் எதுவும் கேட்காமல் பெயருக்கு மட்டும் சேர்த்தால் போதும். பணம் திரும்பக் கிடைக்க உத்தரவானால் கடன் பாக்கி போக மிச்சம் உங்களுக்கு என்று ஆணையம் பிரித்துச் சொல்ல அது உதவும்.

'120 ஓடும் என்றார்கள், ஓடவில்லை' என்று மட்டும் எழுதினால் தோற்பீர்கள். அந்த 120 பெரும்பாலும் ஏஐஎஸ்-040 என்ற இந்திய வாகனத் தரப்படி சோதனைக்கூடத்தில் உருளைமேல் ஓட்டி எடுத்த கணக்கு. ரோட்டில், ஏற்றத்தில், மூன்று சவாரியோடு அது கிடைக்காது என்று அவர்கள் சொல்வார்கள். அதில் நியாயமும் உண்டு. ஆனால் 55-க்கு அந்தச் சமாதானம் போதாது. ஆகவே தூரத்தைவிட யூனிட்டைக் கணக்கெடுங்கள். உங்கள் பேட்டரி ஸ்டிக்கரில் 51.2 வோல்ட், 150 ஆம்பியர்-மணி என்று இருந்தால் கொள்ளளவு 7.68 யூனிட். சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தால் காலியான பேட்டரி நிரம்பச் சுவர் பிளக்கிலிருந்து ஏறக்குறைய 8.5 முதல் 9 யூனிட் இழுக்க வேண்டும். எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் சப்-மீட்டர் ஒன்றை நடுவில் போட்டு, வண்டி தானாக நிற்கும்வரை ஓட்டிய பிறகு முழுச் சார்ஜ் ஏற்றுங்கள். 4 யூனிட்டிலேயே நிரம்பிவிட்டது என்று சார்ஜர் சொன்னால் பேட்டரியில் பாதிதான் வேலை செய்கிறது என்று பொருள். அதை ஓட்டுநர் ஓட்டிய விதத்தின் மேல் போட முடியாது. மீட்டர் படம், ஓடோமீட்டர் படம், தேதி இவற்றோடு மூன்று நாள் செய்யுங்கள்.

காரணமும் தெரிந்திருப்பது நல்லது, குறுக்கு விசாரணையில் தடுமாறமாட்டீர்கள். 51.2 வோல்ட் பேட்டரி என்றால் 3.2 வோல்ட் செல் 16 வரிசையாக இருக்கும். ஒரு வரிசை பலவீனமானாலும் போதும். அதன் வோல்டேஜ் கீழே இறங்கியதும் பாதுகாப்புக்காக பி.எம்.எஸ். என்ற பேட்டரி கண்காணிப்புச் சாதனம் மொத்தப் பேட்டரியையும் துண்டித்துவிடும், மற்ற 15-லும் சார்ஜ் இருந்தாலும். மழையில் நிற்பது பெரும்பாலும் மோட்டாரைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் அல்லது கனெக்டரில் ஈரம் இறங்குவதால். இரண்டையும் பி.எம்.எஸ்., கன்ட்ரோலர் பதிவுகள் காட்டிக்கொடுக்கும். அதை வாசிக்கும் கருவி கம்பெனியிடம்தான் இருக்கும், எனவே அந்தப் பதிவுகளைத் தாக்கல் செய்ய உத்தரவிடும்படி தனி மனு போடுங்கள். தெரிந்த மெக்கானிக் என்று பேட்டரியைத் திறந்துவிடாதீர்கள். சீல் உடைந்த படம் ஒன்று அவர்கள் கையில் கிடைத்தால் போதும், வழக்கு திசைமாறிவிடும். வேறு சார்ஜரும் வேண்டாம், பிரஷர் வாஷும் வேண்டாம். இந்தப் பேட்டரிகளுக்கு ஏஐஎஸ்-156 என்ற பாதுகாப்புத் தரம் உண்டு. அதன் மூன்றாம் திருத்தம் 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என இரண்டு கட்டமாக அமலானது. உங்கள் வண்டி அதற்குப் பிறகு விற்றது, ஆகவே தரச்சான்றைக் காட்டும்படி கேட்கலாம். நிபுணர் அறிக்கை வேண்டும் என்றால் பிரிவு 38-இன்படி ஆணையமே சோதனைக்கு அனுப்பலாம், கட்டணம் முதலில் நீங்கள் கட்ட வேண்டிவரும். ஒரகடத்தில் மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அது தூரம் என்றால், பக்கத்து அரசு பொறியியல் கல்லூரி ஆட்டோமொபைல் பேராசிரியரோடு வண்டியை நேரில் பார்த்து அறிக்கை தர வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை நியமிக்கக் கேளுங்கள்.

விற்பனையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய விளம்பரம், குரல் பதிவு இருந்தால் பொக்கிஷம். ஆனால் வெறும் ஸ்கிரீன்ஷாட் பிரிண்ட் போதாது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியம் பிரிவு 63-இன்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழை இணையுங்கள். அதில் இரண்டு பகுதி: முதலாவதில் நீங்களும் இரண்டாவதில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். போனையும் மாற்றாமல் வைத்திருங்கள்.

கேட்கும் நிவாரணத்தில் மிகுந்த கவனம் வேண்டும். 'குறையைச் சரிசெய்து தர வேண்டும்' என்று முதலில் கேட்பது வழக்கம். உங்கள் விஷயத்தில் அது வீண். மூடிய ஷோரூமும் மாடலை நிறுத்திய கம்பெனியும் எந்த உதிரிபாகத்தை வைத்துச் சரிசெய்யும்? பணமாகக் கேளுங்கள்: விலையை வட்டியோடு திருப்பித் தர வேண்டும், இல்லையெனில் அதே கொள்ளளவுப் பேட்டரிக்கும் கன்ட்ரோலருக்கும் இன்றைய சந்தை விலை. வேறு கடையில் எழுத்தில் விலைப்பட்டியல் வாங்கி இணையுங்கள். ஏறக்குறைய இரண்டு வருடம் ஓடிய வண்டிக்கு முழு விலை கிடைப்பது அரிது, இந்த இரண்டாவது கோரிக்கையே கிடைக்க வாய்ப்பு அதிகம் என்பது என் கணிப்பு. வண்டி நின்ற நாட்களின் வருமான இழப்பு, மன உளைச்சல், செலவுத்தொகை தனி.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 'பொருள் பொறுப்பு' என்ற அத்தியாயத்தைக் காட்டி இழப்பீடு கேட்டு நோட்டீஸ் அனுப்பச் சிலர் சொல்வார்கள். அந்த அத்தியாயத்தில் 'தீங்கு' என்பதில் அந்தப் பொருளுக்கே வந்த சேதமும் வியாபார நஷ்டமும் சேராது என்று பிரிவு 2(22) விலக்கியிருக்கிறது. வண்டி நின்று உங்களுக்கோ சவாரிக்கோ காயம்பட்டிருந்தாலோ வேறு சொத்துக்குச் சேதம் வந்திருந்தாலோதான் அது பொருந்தும். அப்படி நடந்திருந்தால் தயாரிப்பாளரிடம் நோட்டீஸ் சேர்க்க முடியாத நிலையில் விற்றவரே பொறுப்பு என்ற பிரிவு 86 உங்களுக்குப் பெரிய ஆயுதம். அப்படி எதுவும் இல்லையென்றால் பொருளின் குறை, சேவைக் குறைபாடு, நியாயமற்ற வணிக நடைமுறை இவற்றின் மேலேயே மனு நிற்கட்டும்.

நோட்டீஸை மூன்று தரப்புக்கும் 15 நாள் அவகாசத்தோடு தபாலில் ஒப்புகை கேட்டு அனுப்புங்கள். 'ஆள் இல்லை', 'வாங்க மறுத்தார்' என்று திரும்பி வரும் உறையைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள், அதுவே சான்று. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், அதாவது திண்டுக்கல் மாவட்ட ஆணையம். வெளி மாநிலத்துக்கு அலைய வேண்டாம். செலுத்திய விலை 5 லட்சத்துக்குள் என்பதால் மனுக் கட்டணமே கிடையாது. நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்திலும் பதியலாம், வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடவும் உரிமை உண்டு. எதிர்த்தரப்பு பதில் தர 30 நாள், கூடுதலாக 15. அதற்கு மேல் ஒரு நாள்கூட நீட்டிக்க முடியாது என்று 2020-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. 46-ஆம் நாள் பதில் வந்தால் உடனே ஆட்சேபியுங்கள்.

கூடவே இன்னொன்று. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 110ஏ-இன்படி குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறும்படி தயாரிப்பாளருக்கு மத்திய அரசு உத்தரவிடலாம். இது 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. மத்திய அரசின் வாகனப் பதிவுத் தளமான வாகனில் அதற்கெனப் புகார் பக்கம் இருக்கிறது. ஒருவர் புகாரால் நடக்காது, அதே மாடல் வைத்திருக்கும் எல்லோரும் தனித்தனியே பதிய வேண்டும். இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு முன்னுதாரணம் உண்டு. எலக்ட்ராமெக்கானிக்கா என்ற கம்பெனியின் 'சோலோ' என்ற ஒற்றை இருக்கை மூன்று சக்கர மின்சாரக் கார் 18,500 டாலருக்கு விற்றது. ஓடும்போதே இயக்க சக்தி அறுந்தது. காரணத்தைக் கண்டுபிடித்துத் தீர்க்க முடியாததால், விற்ற 429 வண்டியையும் திரும்ப வாங்கிக்கொள்வதாக 2023-இல் அறிவித்தார்கள். உங்கள் ஸ்டாண்டில், பழனியில், திண்டுக்கல்லில் இதே மாடல் ஓட்டுபவர்களைத் தேடிப் பிடியுங்கள். அவர்களின் ஜாப் கார்டு நகல் உங்கள் வழக்குக்கும் பலம்.

கம்பெனி திவால் நடவடிக்கையில் இருப்பதாகத் தெரிந்தால் அதன் மீதான வழக்கு, திவால் சட்டம் விதிக்கும் தடைக்காலம் முடியும்வரை நகராது. அப்போது திவால் நடவடிக்கையை நடத்தும் தீர்வு அலுவலரிடம், கம்பெனியிடமிருந்து பணம் வர வேண்டிய 'பிற கடனீந்தோர்'களுக்கான எஃப் படிவத்தில் உங்கள் தொகையைக் கோருங்கள். பொது அறிவிப்பில் கடைசித் தேதி இருக்கும், அதைத் தவறவிடாதீர்கள். ஆனால் அந்தத் தடை கம்பெனிக்கு மட்டுமே. விற்ற கடைக்காரர் மீதும் பேட்டரிக் கம்பெனி மீதும் வழக்கு வழக்கம்போல் நடக்கும். அவர்களை முதலிலேயே சேர்க்கச் சொன்னது இதற்காகத்தான். தீர்ப்பு வந்தும் பணம் வராவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 71-இல் நிறைவேற்று மனு, பிரிவு 72-இல் தண்டனை மனு. இரண்டாவதில் ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறையோ, குறைந்தது 25,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ உண்டு. கடைக்காரரின் வீட்டு முகவரியை இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அந்த நிலையில் அது கண்டிப்பாகத் தேவைப்படும்.