கேள்வி மூலை: மாட்டுப்பட்டியில் பிறந்த ஓப்பல்

கேள்வி: ஓப்பல் கார் கம்பெனி ஒரு காலத்தில் தையல் மிஷின் செய்ததாமே? என் மகன் சிரிக்கிறான். உண்மையா?
– வாசகி, தலவாக்கலை

பதில்: மகன் சிரிக்கட்டும், உண்மைதான் அம்மா. ஆடம் ஓப்பல் 1862இல் ஜெர்மனியின் ரூசல்ஸ்ஹைம் ஊரில் தையல் மிஷின் செய்யத் தொடங்கினார். இடம், மாமாவின் பழைய மாட்டுப்பட்டி! 1886இல் சைக்கிளுக்கும் இறங்கினார். ஐந்து பையன்களும் சைக்கிள் பந்தயப் பைத்தியங்கள். அப்பன் சரக்குக்கு அதைவிட என்ன விளம்பரம் வேண்டும்? 1920களில் உலகிலேயே அதிக சைக்கிள் செய்தவர்கள் இவர்கள்தாம்.

ஆனால் கார்? ஆடம் அதைப் பார்க்கவே இல்லை. 1895இல் போய்ச் சேர்ந்துவிட்டார். மனைவி சோஃபியும் பையன்களும் கார் செய்துவந்த லுட்ஸ்மான் என்பவரின் பட்டறையை வாங்கி, 1899இல்தான் முதல் காரை வெளியே விட்டார்கள். 1911இல் தொழிற்சாலை தீப்பிடித்து எரிந்ததோடு தையல் மிஷினுக்கு முழுக்கு.

எங்கள் தோட்டத்துப் பெரிய கிளாக்கரையாவிடம் ஓர் ஓப்பல் ரெக்கோர்ட் கார் இருந்தது. மழை நாளில் ஹட்டன் ஏற்றத்தில் நின்றுவிட்டால் லயத்துப் பொடியன்கள் நாங்கள்தான் தள்ளுவோம். கூலி, ஆளுக்கொரு பணிஸ். டெய்லர் கடை வைத்திருந்த என் அப்பாவுக்கு இந்தக் கதை தெரிந்திருந்தால் அவரும் வந்து ஒரு கை கொடுத்திருப்பார்.