அரிசி தின்பேன், கேஸை மூணு தடவை பார்ப்பேன்: கட்டிக்கப் போகிறவரிடம் சொல்லணுமா?

கேள்வி: எனக்கு 26 வயது. தக்கலைப் பக்கம் வீடு. நாகர்கோவிலில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். வருகிற ஐப்பசியில் கல்யாணம். அவர் தினமும் ராத்திரி போனில், "உன்னைப் பத்தி ஏதாவது சொல்லு" என்கிறார். சொல்ல நிறைய இருக்கிறது, அதுதான் பயம். சின்ன வயதிலிருந்தே பச்சரிசி தின்பேன், தினமும் ஒரு கைப்பிடியாவது வேண்டும். சோற்றையும் குழம்பையும் பிசைய மாட்டேன், தனித்தனியாகத்தான் இறங்கும். பக்கத்தில் யாராவது சவைக்கிற சத்தம் கேட்டால் எழுந்து ஓடத் தோன்றும். தனியாகப் பேசுவேன். ஆடி மழையிலும் ஃபேன் ஓடாமல் தூக்கம் வராது. படுக்கப் போகும் முன் கேஸ் ரெகுலேட்டரை மூன்று தடவை தொட்டுப் பார்ப்பேன், சில நாள் படுத்த பிறகும் எழுந்து போவேன். என் மைனியிடம் ஒரு நாள் இதையெல்லாம் சொன்னேன், குடும்பத்துக்கே சொல்லிச் சிரித்துவிட்டாள். இவரிடமும் சொன்னால் கோட்டி என்று நினைப்பாரா? சொல்லாமல் விட்டு, பிறகு தெரிந்தால்?

பதில்: நீங்கள் எழுதியதில் ஆறு பழக்கம் இருக்கிறது. ஆறையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருப்பதால்தான் கனமாகத் தெரிகிறது. அவிழ்த்துப் பிரித்தால் நான்கு வெறும் பழக்கம், ஒன்று ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டியது, இன்னொன்று இப்போதே கட்டுக்குள் கொண்டுவர வேண்டியது. எதைச் சொல்வது, எப்போது சொல்வது என்பதற்கு ஓர் அளவுகோல்தான்: இந்தப் பழக்கத்துக்காக அவர் ஏதாவது செய்யவோ விட்டுக்கொடுக்கவோ வேண்டியிருக்குமா? இருக்கும் என்றால் கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். இல்லை என்றால் அது தானாகத் தெரியவரும்போது சிரித்துக்கொள்ளலாம்.

ஃபேனை முதலில் சொல்லுங்கள். எளிது, யாருக்கும் மானக்கேடு இல்லை, ஆனால் அவருக்கு நேரடியாகப் பாதிப்பு உண்டு. இரண்டு பேருக்கும் தனித்தனிப் போர்வை, உங்கள் கால்மாட்டில் ஒரு டேபிள் ஃபேன், அவர் பக்கம் சீலிங் ஃபேன் வேண்டாம். முடிந்தது. தனியாகப் பேசுவதற்கும் ஒரு வரி போதும்: "அடுக்களையில நான் பேசினா உங்களைக் கூப்பிடலன்னு அர்த்தம்." தெரிந்த பொருளைத் தேடும்போது அதன் பெயரை வாய்விட்டுச் சொன்னால் சீக்கிரம் கண்ணில் படலாம் என்று 2012இல் வந்த ஓர் ஆய்வே சொல்கிறது; கணக்கு எழுதுகிறவர் முணுமுணுப்பதில் அதிசயமில்லை. யாரோ பேசுவது காதில் விழுந்து அதற்குப் பதில் சொல்கிறீர்கள் என்றால் அது வேறு விஷயம், டாக்டரிடம் போக வேண்டும். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை.

சோறும் குழம்பும் பிசையாதது வீட்டுக்குள் பிரச்சினையே இல்லை. சிக்கல் மறுவீட்டு விருந்தில்தான். நம் ஊர்ப் பந்தி எப்படி என்று தெரியுமே: பருப்பும் நெய்யும் ஊற்றிப் பப்படத்தை நொறுக்கிப் பிசைய வேண்டும், அப்புறம் சாம்பார், புளிசேரி, ரசம். பாயசத்தில் பழத்தையும் பப்படத்தையும் போட்டுப் பிசைந்து நக்கவில்லை என்றால் பந்தியில் உட்கார்ந்ததாகவே கணக்கில்லை. மாமியார் பாசத்தோடு கரண்டி நிறையக் குழம்பைச் சோற்றின் நடுவில் ஊற்றுவார். அந்த நிமிஷத்தில் நீங்கள் முகம் சுளித்தால், குழம்பைச் சுளித்ததாகத்தான் எடுத்துக்கொள்வார். ஆகவே இதை அவரிடம் மட்டும் சொன்னால் போதாது, விருந்துக்கு முதல் நாள் மாமியாரிடம் நீங்களே சொல்லுங்கள்: "மாமி, எனக்குச் சோறு தனி, கறி தனியாக்கும். ஒரு கிண்ணத்துல ஊத்தித் தந்தா மிச்சம் வைக்காம குடிச்சிருவேன்." கடைசி வாக்கியம் முக்கியம். சமைத்தவருக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். மகன் மூலம் சொல்லி அனுப்பினால் "வந்ததும் வராததுமா நாட்டாமை" என்று போய் முடியும்.

சவைக்கிற சத்தத்துக்கு மிசோபோனியா என்று பெயர் உண்டு. 2001இல் வைத்த பெயர். சின்னச் சத்தம்தான், ஆனால் கோபமும் அருவருப்பும் சட்டென்று பொங்கும். வெளியாள் சத்தத்தை விடக் கூடவே இருப்பவர் சத்தம்தான் அதிகம் உறுத்துவதாகப் பலர் சொல்கிறார்கள். அதனால் இப்போது போனில் ஒன்றும் தெரியாது, ஒரே மேசையில் சாளைக் குழம்பும் மரச்சீனியும் வைத்து உட்கார்ந்தபின் தெரியும். அவர் முள்ளை உறிஞ்சும்போது சொல்லாதீர்கள். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் சொன்னால் அது பழக்கத்தைப் பற்றிய பேச்சாக இருக்காது, அவர் வளர்ப்பைப் பற்றியதாகிவிடும். சாப்பாட்டு நேரம் அல்லாத ஒரு மாலையில் சொல்லுங்கள்: "எனக்குச் சத்தம் ஆகாது. உங்க மேல ஒண்ணும் இல்ல, எங்க அப்பா சாப்பிட்டாலும் அப்படித்தான்." பிறகு இரண்டு ஏற்பாடு: நேரெதிரே உட்காராமல் பக்கவாட்டில் உட்காருங்கள், சாப்பிடும்போது ரேடியோவோ ஃபேனோ ஓடட்டும். பின்னணியில் ஒரு சத்தம் இருந்தால் அந்தச் சத்தத்தின் கூர்மை குறையும். காதை முழுதாக அடைத்துக்கொள்ளும் பழக்கம் வேண்டாம், அடைக்க அடைக்கச் சின்னச் சத்தமும் பெரிதாகும்.

இனி அரிசி. "அரிசி தின்னா கல்யாணத்தன்னைக்கு மழை பெய்யும்" என்று உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். ஐப்பசியில் முகூர்த்தம் வைத்துவிட்டுப் பழியை அரிசி மேல் போடுவது நியாயமில்லை. ஆனால் இதை நாங்கள் வெறும் பழக்கமாகப் பார்க்கவில்லை. பச்சரிசி, சாக்பீஸ், மண், ஐஸ் என்று உணவல்லாததையோ வேகாததையோ தின்னத் தோன்றும் ஆசைக்குப் பைக்கா என்று பெயர். இதற்கும் இரும்புச்சத்துக் குறைவுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. மாதவிலக்கில் ரத்தம் அதிகம் போகும் பெண்களிடம் இந்த இரும்புக் குறைவு நிறைய. எனவே அவரிடம் சொல்வதற்கு முன் ரத்தம் கொடுங்கள்.

கேட்க வேண்டிய பரிசோதனை இரண்டு: ஹீமோகுளோபின், பெரிடின். முதலாவதை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துவிடலாம், இரண்டாவதற்குப் பெரிய லேப் வேண்டியிருக்கலாம். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனால் ரத்தசோகை. பலர் தவறுவது இங்கேதான்: 12.4 என்று வந்ததும் "ஒண்ணும் இல்ல" என்று வந்துவிடுவார்கள். உடம்பின் இரும்புச் சேமிப்பு தீர்ந்த பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கும். சேமிப்பைக் காட்டுவது பெரிடின், அது 15க்குக் கீழே இருந்தால் கிடங்கு காலி. டாக்டர் மாத்திரை எழுதினால், எண் சரியான பிறகும் சுமார் மூன்று மாதம் தொடரச் சொல்வார், கிடங்கு நிறைய வேண்டுமே. மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள். சாப்பிட்ட கையோடு சாயா குடிக்கும் வழக்கத்தை மட்டும் மாற்றுங்கள், தேயிலையின் துவர்ப்பு இரும்பைச் சேரவிடாது. ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். முருங்கைக்கீரையோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். குறைவு இருந்து மாத்திரை ஆரம்பித்தவர்களில் பலருக்கு, ரத்த எண் ஏறும் முன்பே அரிசி ஆசை விட்டுப்போகிறது. சில வாரத்தில் டப்பாவைத் திறக்க மறந்துபோனதை நீங்களே கவனிப்பீர்கள். எல்லாம் சரியாக இருந்தும் தின்னத் தோன்றினால் பல்லைப் பாருங்கள். வருஷக்கணக்கில் அரிசி கடித்தவர்களுக்கு எனாமல் தேய்ந்திருக்கலாம்.

கல்யாணத்துக்குப் பிறகு கர்ப்பம் வந்தால் இரும்புத் தேவை இன்னும் ஏறும். இப்போதே சரிசெய்ய அது போதுமான காரணம். அவரிடம் சொல்லும் வாக்கியமும் இதனால் சுலபமாகிவிடும்: "சின்ன வயசுல இருந்தே அரிசி தின்பேன், டெஸ்ட் எடுத்தேன், மாத்திரை சாப்பிடுகேன்." இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

கேஸ்தான் நாங்கள் இரண்டு தடவை படித்த வரி. "படுத்த பிறகும் எழுந்து போவேன்." எச்சரிக்கையோடு ஒரு தடவை பார்ப்பது நல்ல பழக்கம். பார்த்தது போதவில்லை என்று தோன்றுவதுதான் வேறு. மார்செல் வான் டென் ஹௌட், மெரல் கிண்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2003இல் நெதர்லாந்தில் இதையே சோதித்தார்கள். கம்ப்யூட்டர் திரையில் ஒரு கேஸ் அடுப்பு. அதை அணைத்து, மறுபடி மறுபடி சரிபார்க்கச் சொன்னார்கள். கடைசியில் கேட்டபோது, எதை அணைத்தோம் என்று சரியாகவே சொன்னார்கள். ஆனால் அந்த நினைவின் தெளிவும் அதன் மேலிருந்த நம்பிக்கையும் குறைந்திருந்தன. அதாவது மறதி வந்து நீங்கள் மூன்று தடவை பார்க்கவில்லை. மூன்று தடவை பார்ப்பதால்தான் நம்பிக்கை தேய்கிறது. முதல் தடவை, மூன்றாம் தடவை, நேற்றைய தடவை எல்லாம் ஒன்றோடொன்று கலந்து மங்கிவிடுகின்றன.

இன்று ராத்திரியே ஆரம்பிக்கலாம். லைட் எரியும்போது ரெகுலேட்டர் குமிழைப் பிடித்து மெதுவாக அணையுங்கள். எந்தப் பக்கம் நிற்கிறது என்று கண்ணால் பாருங்கள். "பூட்டியாச்சு" என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லுங்கள், உங்களுக்குத்தான் தனியாகப் பேச வருமே. விரலால் தட்டுவது வேண்டாம். லைட்டை அணைத்து வெளியே வாருங்கள். திரும்பிப் போகக்கூடாது. முதல் சில நாள் நெஞ்சு அடிக்கும், "ஒரே ஒரு தடவை" என்று மனசு கெஞ்சும். போகாமல் படுத்துக்கிடந்தால் பெரும்பாலும் அரை மணி, முக்கால் மணியில் அது தானே இறங்கும், நாலைந்து நாளில் இன்னும் சீக்கிரம் இறங்கும். மூன்றை ஒரேயடியாக ஒன்றாக்க முடியாவிட்டால் முதல் வாரம் இரண்டு, அடுத்த வாரம் ஒன்று. செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளும் யோசனை எல்லோருக்கும் வரும். எடுக்காதீர்கள். பிறகு அந்தப் படத்தை ஏழு தடவை பார்ப்பீர்கள்.

உண்மையான கசிவு பயத்துக்கு உண்மையான வேலை உண்டு: ரப்பர் குழாயில் அச்சிட்ட தேதியைப் பார்த்து ஐந்து வருஷத்துக்குள் மாற்றுங்கள், சிலிண்டர் மாற்றும்போது இணைப்பில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள், கேஸ் காற்றை விடக் கனமானது, தரையோடு தங்கும் என்பதால் நாற்றம் வந்தால் சுவிட்சைத் தொடாமல் கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906க்குப் போன் செய்யுங்கள்.

அவரிடம் இதை எப்படிச் சொல்வது? இங்கே ஒரு பொறி இருக்கிறது. நல்ல மனுஷர் என்றால் உடனே, "நீ படு, நான் பாத்துட்டு வாறேன்" என்பார். கேட்க இதமாக இருக்கும். ஒரு மாதத்தில் அவர் பார்த்தாலும் போதாது, "நல்லாப் பாத்தீங்களா?" என்று கேட்பீர்கள். மூன்றாம் மாதம் அவருக்கு எரிச்சல் வரும், அப்போது சண்டை கேஸைப் பற்றி இருக்காது. ஆகவே உதவி கேட்கும்போது இப்படிக் கேளுங்கள்: "எனக்குக் கேஸ் சந்தேகம் வரும். வந்தா நீங்க போய்ப் பாக்க வேண்டாம், பூட்டிருக்குன்னும் சொல்ல வேண்டாம். 'சந்தேகம் வந்திருக்கு, கொஞ்ச நேரத்துல போயிரும்'னு மட்டும் சொல்லுங்க." முதல் நாள் இது கல்நெஞ்சு மாதிரி இருக்கும். பரவாயில்லை.

பார்ப்பதும் அதைப் பற்றிய யோசனையும் சேர்த்து நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தின்றாலோ, பூட்டு, கை கழுவுவது என்று மற்றதற்கும் பரவினாலோ அது ஓசிடியாக, அதாவது வேண்டாத சந்தேகமும் அதைத் தணிக்கத் திரும்பத் திரும்பச் செய்வதும் விடாத மனநலக் கோளாறாக, இருக்கலாம். மேலே சொன்னதையே முறையாகச் செய்யும் சிகிச்சையும் மருந்தும் உண்டு, நன்றாகவே கேட்கும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவில் காட்டலாம். முதலில் போனில் பேசிப் பார்க்க, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

எந்த நேரம் என்று கேட்டால், ராத்திரி போன் வேண்டாம். பத்து மணிக்கு மேல் சொல்கிற எதுவும் தன் அளவை விடப் பெரிதாகக் கேட்கும். வாய்ஸ் மெசேஜ் வேண்டவே வேண்டாம், அது உங்கள் மைனியை விட வேகமாகப் பரவும். புடவை எடுக்கவோ பத்திரிகை அடிக்கவோ சந்திக்கும்போது, கையில் வேறு வேலை இருக்கும்போது ஒன்றைச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு ஒன்று, இரண்டு நிமிஷம். "நான் ஒண்ணு சொன்னா தப்பா நினைக்க மாட்டீங்களே?" என்ற முன்னுரையைத் தூக்கி எறியுங்கள், அதைக் கேட்டதும் அவர் மனசு பழைய காதல் வரைக்கும் போய்விட்டுத்தான் திரும்பும், அப்புறம் நீங்கள் ஃபேன் என்பீர்கள். எப்போதிலிருந்து, ஏன், யார் கேலி செய்தார்கள் என்ற வரலாறும் வேண்டாம். செய்வது என்ன, அவர் செய்ய வேண்டியது என்ன, அவ்வளவுதான்.

சொன்னதும் அவர் ஒரு தடவை சிரித்தால் சிரிக்கட்டும். அடுத்த வாரம் அவருடைய அக்கா அதைச் சொல்லிச் சிரித்தால், மிச்சத்தைச் சொல்லும் முன் அதைப் பேசித் தீர்த்துவிடுங்கள்: "உங்ககிட்ட சொன்னது உங்ககிட்டயே இருக்கணும்." மைனியிடம் இப்போது விளக்கம் கேட்டுப் பயனில்லை. பெரிடின் எண்ணை மட்டும் அவளிடம் சொல்லாதீர்கள்.

அவருடையதையும் கேளுங்கள். "உங்களுக்கு ஏதாவது உண்டா?" என்றால் "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும். ஆண்பிள்ளைகள் தங்களுக்குப் பழக்கமே இல்லை என்று நம்பி வளர்க்கப்பட்டவர்கள். வேறு மாதிரி கேட்டுப் பாருங்கள்: குளித்துவிட்டு ஈரத் துவர்த்தை எங்கே போடுவீர்கள்? காலையில் சாயா வர அஞ்சு நிமிஷம் பிந்தினால் என்ன ஆகும்? அலாரம் எத்தனை தடவை அடித்தபின் எழுவீர்கள்?