வாசகர் கேள்வி – பதில்: தாத்தா கேட்ட கச்சேரியும் பேரன் கேட்கும் பாட்டும்

சென்னை இசைவிழா நெருங்கும் மாதங்களில் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் ராகம், தாளம் பற்றிய சந்தேகங்களே வழக்கமாக மிகுந்திருக்கும். இம்முறை வந்தவற்றில் பெரும்பாலானவை வேறொன்றைக் கேட்கின்றன. தாம் நேரில் கேட்ட கச்சேரியை வீட்டிலுள்ள இளையவர்களிடம் எப்படிச் சொல்வது, மூத்தவர்கள் சொல்வதை எப்படிக் கேட்டுக்கொள்வது என்பதே அவற்றின் சாரம். ஆகவே இந்த இதழில் அக்கடிதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

வாசகி, கும்பகோணம்: எனக்கு வயது 76. சிறுமியாக இருந்தபோது அப்பாவுடன் சென்று மதுரை மணி ஐயரின் கச்சேரியைக் கேட்டிருக்கிறேன். கல்லூரியில் படிக்கும் பேரனிடம் அதைச் சொல்லத் தொடங்கினால் இரண்டு நிமிடத்தில் அவன் கை கைபேசிக்குப் போய்விடுகிறது. அவனுக்குச் சங்கீதத்தில் நாட்டமில்லையா, எனக்குச் சொல்லத் தெரியவில்லையா?

இரண்டும் இல்லை அம்மா. நம்மில் பலர் கச்சேரியைப் பற்றிப் பேசத் தொடங்கும்போதே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறோம். "அவரைப் போல இனி ஒருவர் பிறந்து வர வேண்டும்" என்று முதல் வாக்கியத்திலேயே முடித்துவிட்டால், எதிரே இருப்பவன் கேட்பதற்கு என்ன மிச்சம் இருக்கிறது? அந்த மாலை அவனுக்குக் கண்ணில் தெரிய வேண்டும். எந்தக் கோயில் அல்லது எந்த மண்டபம், தரையில் ஜமக்காளமா நாற்காலியா, அப்பா எந்த இடத்தில் தொடையில் தட்டுவதை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார், வீடு திரும்பும் வழியில் எதை முணுமுணுத்தார் என்பனவற்றைச் சொல்லுங்கள். கல்லூரி மாணவன் இவற்றைக் கேட்பான். மேதைமையைப் பற்றிய பிரசங்கத்தைக் கேட்கமாட்டான். அந்த வயதில் நாமும் கேட்டிருக்கமாட்டோம்.

அடுத்தது, சொல்வதோடு நிறுத்தாமல் ஒன்றாக உட்கார்ந்து கேட்பது. மதுரை மணி ஐயரை (1912–1968) நீங்கள் தேர்ந்தெடுத்திருப்பது நல்வாய்ப்பு. மற்ற பெரியவர்கள் பலரிடம் இல்லாத ஒரு வாசல் அவரிடம் இருக்கிறது. ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் மேற்கத்திய மெட்டின் சாயலில் சங்கராபரண ராகத்தில் அமைத்த 'இங்கிலீஷ் நோட்டு' மணி ஐயர் பாடியதால்தான் ஊரெங்கும் பரவியது. மேற்கத்திய இசையின் மேஜர் ஸ்கேலை அறிந்த எந்த இளைஞனுக்கும் அது முதல் வரியிலேயே பிடிபடும். அங்கிருந்து அவருடைய கல்பனா ஸ்வரத்துக்கு, அதாவது ச ரி க ம என்ற ஸ்வரங்களைக் கற்பனையாகக் கோத்துப் பாடும் பகுதிக்குப் போகலாம். கணக்கு வித்தைகளைக் கொட்டிக் கேட்பவரை மிரட்டாமல், தாளத்தின் ஓட்டத்தோடு சர்வலகுவாக நழுவிச் செல்லும் ஸ்வரங்கள் அவருடையவை. கேட்பதற்குப் பயிற்சி எதுவும் வேண்டாம், பத்து நிமிடம் போதும். மூன்றரை மணி நேரப் பதிவை முழுவதுமாகப் போட்டு அவனைக் கட்டி உட்கார வைத்தால் அடுத்த நாள் அவன் உங்கள் அறைப் பக்கமே வரமாட்டான்.

கச்சேரியின் அமைப்பை மட்டும் ஒருமுறை விளக்கிவிடுங்கள். வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான சில கீர்த்தனைகளுக்குப் பின் ஆலாபனையும் (சொற்களின்றி ராகத்தை விரித்துப் பாடுவது) நிரவலும் (ஒரே வரியைப் பலவிதமாகப் பாடுவது) ஸ்வரமும் கொண்ட பிரதான உருப்படிக்கு வந்து, தனி ஆவர்த்தனம் (மிருதங்கம் முதலிய தாள வாத்தியங்கள் தனித்து வாசிப்பது) முடிந்து, ராகம் தானம் பல்லவியைத் தொட்டு, திருப்புகழ், ஜாவளி, தில்லானா என்று இறங்கி மங்களத்தில் முடிகிற இந்த வரிசை ஆதிகாலத்திலிருந்து வருவதாகப் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். இதற்கு இன்றைய உருவத்தைக் கொடுத்தவர் பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967). ஒரே பல்லவி வரியை விரிப்பதிலேயே பல மணி நேரம் கழிந்த பழைய முறையிலிருந்து, பலதரப்பட்ட ரசிகர்களையும் இருக்கையில் இருத்தும் முறைக்குக் கச்சேரியைத் திருப்பியவர் அவர். அந்தக் காலத்துப் பெரியவர்களிலும் இது என்ன அவசரம் என்று முகம் சுளித்தவர்கள் இருந்திருப்பார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், பேரன் கேட்கும் பாட்டைப் பற்றி நாம் முகம் சுளிப்பது சற்றுக் குறையும்.

இன்னொன்று, அவன் விரும்பும் ஒரு பாட்டையும் முழுவதுமாகக் கேளுங்கள். கேட்டு முடித்தவுடன் "இது நம்ம கல்யாணியின் நிழல்தானே" என்று சொல்லிவிடாதீர்கள். உங்களுக்கு அது பாராட்டு. அவன் காதில் அவனுடைய பாட்டைப் பறித்துக்கொண்டதாக விழும். எந்த இடம் பிடித்தது, ஏன் பிடித்தது என்று கேட்டுப் பாருங்கள். ராகத்தின் பெயரை அவனாகக் கேட்கும் நாள் வந்தால் அப்போது சொல்லிக்கொள்ளலாம்.

வாசகர், திருநெல்வேலி: என் பெரியப்பா 1958-ஆம் ஆண்டு ஒரு கோயில் திருவிழாவில் நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தை விடிய விடியக் கேட்டதாகப் பெருமையுடன் சொல்வார். அவர் 1956-இலேயே மறைந்துவிட்டதாகப் படித்தேன். பெரியப்பாவிடம் இதைச் சொல்லலாமா?

நீங்கள் படித்தது சரி. ராஜரத்தினம் பிள்ளை 1956-ஆம் ஆண்டு டிசம்பரில் காலமானார். ஆனாலும் நாலு பேர் முன்னிலையில் தேதியைத் திருத்தாதீர்கள். திருத்தினால் உங்களுக்கு ஒரு சரியான ஆண்டு கிடைக்கும், அதற்குப் பின் பெரியப்பாவிடமிருந்து எந்தக் கதையும் கிடைக்காது.

நினைவில் ஆண்டு நழுவுவது இயல்பு. அதனால் ஆண்டைக் கேட்காமல் அதைச் சுற்றிக் கேளுங்கள். அப்போது பள்ளியில் எந்த வகுப்பு, வீட்டில் யாருக்குத் திருமணம் ஆகியிருந்தது, எந்த ஊர்த் திருவிழா, ஒலிபெருக்கி இருந்ததா, சுவாமி புறப்பாட்டில் வாசித்தாரா அல்லது மேடையிலா என்று ஒவ்வொன்றாக வரட்டும். ஓரிரண்டு ஆண்டுகள் முன்னே பின்னே போயிருந்தால் கதை அப்படியே நிற்கும்.

இன்னொரு வாய்ப்பும் உண்டு. உங்கள் ஊருக்கு அருகில் பிறந்த காருகுறிச்சி அருணாசலம் ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். குருவுடன் அமர்ந்து வாசித்துப் பழகியவர், குருவின் பாணியை விட்டு விலகாதவர், 1964-இல் மறையும் வரை தென்மாவட்டங்களின் திருவிழாக்களில் கொடிகட்டிப் பறந்தவர். 1958-இல் உங்கள் பகுதியில் ஒரு சிறுவன் விடிய விடியக் கேட்ட தோடி அவருடையதாக இருந்திருக்கலாம். "ராஜரத்தினம் பிள்ளை பாணி" என்று அன்று சுற்றியிருந்தவர்கள் சொன்னது, அறுபது ஆண்டுகளில் "ராஜரத்தினம் பிள்ளை" என்று சுருங்கியிருக்கலாம். இருவருடைய தோடிப் பதிவுகளும் கிடைக்கின்றன. இரண்டையும் பெயர் சொல்லாமல் பெரியப்பாவுக்குப் போட்டுக் காட்டி, அன்று கேட்டது எதைப் போல் இருந்தது என்று விசாரியுங்கள். அவர் சொல்லும் விடையை நம்பலாம் என்று நான் உறுதி கூறவில்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் நீங்கள் அதுவரை கேட்டிராத பல செய்திகள் வரும்.

வாசகர், சென்னை: மறைந்த என் தந்தை சபாக்களிலும் வானொலியிலும் பதிவு செய்த கச்சேரி கேசட்டுகள் இரண்டு பெட்டி நிறைய இருக்கின்றன. என் மகள் அவற்றைக் கேட்க விரும்புகிறாள். எப்படிக் காப்பாற்றுவது?

முதலில் எதையும் ஓட்டிப் பார்க்காதீர்கள். கேசட்டின் சிறிய கண்ணாடி வழியே நாடாவைப் பாருங்கள். வெண்மையாகப் பொடி படிந்திருந்தால் அது பூஞ்சை. அதை ஓட்டினால் அந்த நாடாவும் கெடும், பிளேயரின் தலைப்பகுதியில் ஒட்டிக்கொண்டு அடுத்தடுத்த கேசட்டுகளுக்கும் பரவும். அவற்றைத் தனியே பிரித்து, அனுபவமுள்ளவரிடம் கொடுத்துவிடுவது நல்லது. சுத்தமாக இருப்பவற்றை, பதிவு செய்வதற்கு முன் ஒருமுறை முழுவதுமாக முன்னும் பின்னும் ஓடவிட்டுச் சுற்றுங்கள். பல ஆண்டுகளாக ஒட்டிக் கிடந்த நாடா இளகி, சீராக ஓடும். உள்ளே நாடாவை அழுத்தும் சிறிய பஞ்சுத் துண்டு விழுந்திருந்தால் ஒலி மங்கும். திருகாணி உள்ள கேசட்டாக இருந்தால் நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றிவிடலாம். 120 நிமிட கேசட்டுகளின் நாடா மிக மெல்லியது என்பதால் அவற்றில் கூடுதல் கவனம் தேவை.

கணினியில் நேரடியாகச் சொருகும் மலிவான சிறு பிளேயர்களை நான் பரிந்துரைக்கமாட்டேன். அவற்றின் ஓட்டம் சீராக இருப்பதில்லை. சுருதி அலைந்தால் தம்பூராவே அழுவது போலிருக்கும். பழுது பார்க்கப்பட்ட ஒரு நல்ல பழைய டெக்கும் ஒலியைக் கணினிக்குக் கொண்டுசெல்லும் சாதாரண ஆடியோ இன்டர்ஃபேஸும் போதும். குரல் போர்வைக்குள்ளிருந்து வருவது போல் கேட்டால் நாடாவைப் படிக்கும் தலைப்பகுதியின் கோணம் பிசகியிருக்கிறது என்று பொருள். டெக்கில் உள்ள சிறிய திருகைச் சரிசெய்தால் துலங்கிவிடும். எம்பி3 ஆகச் சுருக்காமல் வேவ் கோப்பாக, 24 பிட்டில் பதியுங்கள். 90 நிமிட கேசட்டுக்கு 90 நிமிடம் ஆகத்தான் செய்யும், இதில் குறுக்குவழி இல்லை. ஒவ்வொரு கேசட்டின் அட்டையையும் புகைப்படம் எடுத்து, அதே பெயரில் கோப்புடன் சேர்த்து வையுங்கள். உங்கள் தந்தை எழுதிய ராகப் பட்டியல் பிற்காலத்தில் பதிவுக்கு நிகரான மதிப்புப் பெறும். இரைச்சலை நீக்கும் மென்பொருளைப் பயன்படுத்த ஆசை வரும். ஒரு நகலில் மட்டும் செய்துகொள்ளுங்கள். முதற்பதிவில் இருமலும் நாற்காலி இழுபடும் சத்தமும் "பலே" என்ற குரலும் அப்படியே இருக்கட்டும். அந்தக் குரல்களில் ஒன்று உங்கள் தந்தையுடையதாக இருந்தால் மகளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

தேதி குறிக்காதவற்றைப் பற்றி ஒரு வார்த்தை. கேசட் என்பதே 1963-இல்தான் உலகுக்கு அறிமுகமானது. நம் வீடுகளுக்கு அது பரவலாக வந்துசேர மேலும் பல ஆண்டுகள் ஆயின. எனவே 1950-களின் கச்சேரி கேசட்டில் இருந்தால், அது ஸ்பூல் நாடாவிலிருந்தோ வானொலி மறுஒலிபரப்பிலிருந்தோ எடுக்கப்பட்ட நகல். வானொலிப் பதிவாக இருந்தால் முடிவில் வரும் அறிவிப்பைத் துண்டித்துவிடாதீர்கள். பக்கவாத்தியக்காரர்களின் பெயர்கள் அதில்தான் இருக்கும்.

இணையத்தில் ஏற்றும் முன் சற்று நிதானியுங்கள். நம் சட்டப்படி மேடையில் இசைப்பவருக்குத் தம் நிகழ்ச்சியின் மீது 50 ஆண்டு உரிமை உண்டு; வானொலி நிலையத்துக்கு ஒலிபரப்பின் மீது தனி உரிமை உண்டு. வீட்டில் கேட்பதில் யாருக்கும் சிக்கல் இல்லை. பொதுவெளியில் வைப்பதானால் கலைஞரின் குடும்பத்தாரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பல குடும்பங்கள் மகிழ்ச்சியோடு சம்மதிக்கும்; அவர்களிடமே இல்லாத பதிவு உங்களிடம் இருக்கவும் கூடும்.

வாசகி, டொராண்டோ: அம்மா தஞ்சாவூரில் தனியாக இருக்கிறார். இருவரும் சேர்ந்து கச்சேரி கேட்ட காலம் போய்விட்டது. தொலைவிலிருந்து ஏதாவது செய்ய முடியுமா?

டிசம்பரில் சென்னைக்கும் டொராண்டோவுக்கும் பத்தரை மணி நேர இடைவெளி. சென்னையில் மாலை 6 மணிக்குத் தொடங்கும் கச்சேரி நேரலையில் வந்தால் உங்களுக்குக் காலை 7:30. ஞாயிற்றுக்கிழமை காப்பியோடு உட்காரத் தோதான நேரம். இருவரும் ஒரே நேரத்தில் கேளுங்கள், ஆனால் கச்சேரி நடக்கும்போது பேச வேண்டாம். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் அம்மாவைத் தொலைபேசியில் அழைக்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். சபாவில் அந்த நேரம் பார்த்துக் கேன்டீனுக்கு எழுந்து போகிறவர்களை மிருதங்க வித்வான் எப்படிப் பார்க்கிறார் என்பதைக் கவனித்தவர்கள் அந்த யோசனையைச் சொல்லமாட்டார்கள். மங்களம் முடிந்ததும் அழையுங்கள். ஆலாபனையில் எந்த ராகம் என்று அம்மா எந்த இடத்தில் கண்டுபிடித்தார் என்று கேட்டால் பேச்சு தானே ஓடும்.

வாசகர், கோயம்புத்தூர்: எட்டு வயது மகளை இசைவிழாவுக்கு அழைத்துச் செல்ல அவளுடைய தாத்தா ஆசைப்படுகிறார். அவள் பொறுமையாக உட்காருவாளா?

மூன்று மணி நேர மாலைக் கச்சேரியில் உட்காரமாட்டாள். மதிய நேரத்தில் இளம் கலைஞர்கள் பாடும் கச்சேரிகள் பல சபாக்களில் கட்டணமின்றி நடக்கின்றன. அளவும் சிறியது, இடமும் தாராளமாகக் கிடைக்கும். நடைபாதையை ஒட்டிய இருக்கையில் அமருங்கள். எழுந்து போக வேண்டியிருந்தால் ஒரு பாட்டு முடிந்து கைதட்டும் நேரத்தில் போய்விடுங்கள்.

புறப்படும் முன் தாத்தா அவளுக்கு ஆதி தாளம் போடக் கற்றுக்கொடுக்கட்டும். ஒரு தட்டு, சுண்டுவிரலிலிருந்து மூன்று விரல் எண்ணிக்கை, பின் தட்டும் வீச்சும் இரண்டு முறை, மொத்தம் எட்டு. கைக்கு வேலை கிடைத்துவிட்டால் குழந்தை நெளிவது பாதியாகக் குறையும். மேடையில் பாடகரின் கையும் தன் கையும் ஒன்றாக விழுவதைக் கண்டுபிடிக்கும் குழந்தைகள் பிறகு தாங்களாகவே ஸ்வரம் எங்கே வந்து சேர்கிறது என்று பார்க்கத் தொடங்குவார்கள். திரும்பி வந்ததும் என்ன புரிந்தது என்று தேர்வு வைக்காதீர்கள்.

வாசகர், மதுரை: மைதானத்தில் நடக்கும் திரையிசைக் கச்சேரிக்குப் பிள்ளைகள் அழைக்கிறார்கள். எனக்கு 68 வயது. அந்தச் சத்தத்தை நினைத்தாலே பயமாக இருக்கிறது. மறுத்துவிடலாமா?

போய்விட்டு வாருங்கள். உங்கள் இளமையில் மெல்லிசைக் குழுவைக் கேட்கத் தெருவில் நின்ற அதே ஆசைதான் அவர்களை மைதானத்துக்கு இழுக்கிறது. சத்தத்தைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. இத்தகைய நிகழ்ச்சிகளில் சராசரி ஒலியளவு 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமே 2022-இல் அறிவுறுத்தியிருக்கிறது. மருந்துக்கடையில் கிடைக்கும் நுரைக் காதடைப்பான் ஒரு ஜோடியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், ஒலிபெருக்கிக் கோபுரங்களிலிருந்து தள்ளி இருக்கும் இடத்தில் சீட்டு எடுக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கும் காதடைப்பான் வாங்கிக் கொடுங்கள். அவர்கள் சிரிப்பார்கள், கொடுத்துவிடுங்கள். திரும்பும்போது வண்டி நிறுத்துமிடத்திலிருந்து வெளியேற வெகுநேரம் ஆகும் என்பதால் இரவுச் சாப்பாட்டை முன்பே முடித்துக்கொள்வது நல்லது.